மூத்த தெய்வத்தின் கதிரை

கிரேக்கத் தெய்வங்கள் எல்லோருக்கும் மூத்தவள் நான். புளுகுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், என் சொந்தக்காரர் அத்தனை பேரும் வந்திருந்து பார்க்க, ஒரு மாலைப்பொழுது முழுக்க அந்தப் பதவியில் இருந்திருக்கிறேன். வீடியோ ஆதாரமும் உண்டு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்; இப்போதே சொன்னால் என் மதிப்புக் குறைந்துவிடும்.

அப்போது ஐந்தாம் வகுப்பில் படித்தேன். எங்கள் வகுப்பு ஆசிரியைக்குப் பழைய கிரேக்கம் என்றால் உயிர். வெளியே பனி கொட்டுகிற நாட்களில் எங்களைக் கம்பளத்தில் தன்னைச் சுற்றி இருத்தி, அந்த ஊர்த் தெய்வங்களின் வீட்டுச் சண்டைகளை எல்லாம் சொல்வார். ஒரு தகப்பன், பிள்ளைகள் தன்னை வீழ்த்திவிடுவார்கள் என்று பயந்து, பிறக்கப் பிறக்க ஒவ்வொருவராக விழுங்கிவிட்டானாம். கடைசிப் பிள்ளை சியூஸ் மட்டும் தப்பி வளர்ந்து, திரும்பி வந்து, தகப்பனுக்கு மருந்து கொடுத்து எல்லோரையும் கக்க வைத்தானாம். பிறகு அவனே தெய்வங்களுக்கு அரசனாகி, கையில் மின்னலை வைத்துக்கொண்டு மலை உச்சியில் இருந்தானாம். மற்றப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எனக்கு இதெல்லாம் பெரிய புதினமாகத் தெரியவில்லை. பிள்ளையின் தலையை வெட்டிவிட்டு யானைத் தலையை ஒட்டிய தகப்பனைத் தினமும் கும்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவள் நான்.

மார்ச் விடுமுறைக்கு முன்னர் இந்தக் கதைகளில் ஒன்றை நாடகமாகப் போடுவோம் என்று ஆசிரியை அறிவித்தார். யாருக்கு எந்தத் தெய்வம் என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதாம். எனக்கு அத்தீனா வேண்டும். தலைக்கவசம், ஈட்டி, தோளில் ஆந்தை. அறிவுக்கும் போருக்கும் அவள்தான் தெய்வம். ஈட்டிக்கு வீடு கூட்டுகிற எந்தத் தும்புத்தடியைக் கழற்றுவது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். சீட்டைப் பிரித்தால் ஹெஸ்டியா என்று கிடந்தது.

ஹெஸ்டியா அடுப்பின் தெய்வம். ஆயுதம் இல்லை, வாகனம் இல்லை, கலியாணம் இல்லை, யாரையும் சபித்ததில்லை, யாரையும் மானாக்கியதும் மரமாக்கியதும் இல்லை. வீட்டில் அடுப்பு எரிந்தால் அவள் இருக்கிறாள், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய இடி நாடகத்தில் இருந்தது. மலை உச்சியில் பன்னிரண்டு தெய்வங்களுக்குப் பன்னிரண்டு கதிரைகள். டயனைசஸ் என்று ஒரு புதுத் தெய்வம் வருகிறான். திராட்சைக் கொடியின் தெய்வம். அவனுக்குக் கதிரை இல்லை. நீ எழும்பு, நான் எழும்பமாட்டேன் என்று தெய்வங்களுக்குள் சண்டை மூளுகிறது. அப்போது ஹெஸ்டியா எழுந்து, தன் கதிரையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, கீழே அடுப்பருகில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். நாடகம் முடியும் மட்டும் அங்கேதான் இருக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், நாடகத்தில் என்னுடைய வேலை எழும்பிப் போவது.

முகத்தை நீட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியில் நின்றார். நாடகமா, என்ன வேஷம் என்று கேட்டார். தெய்வ வேஷம் என்றேன். பெரிய தெய்வமா, சின்னத் தெய்வமா என்று கேட்டார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருந்தது. தகப்பன் முதலில் விழுங்கிய பிள்ளை ஹெஸ்டியாதான்; ஆகவே எல்லாருக்கும் மூத்த தெய்வம், அரசனான சியூஸுக்கே அக்கா என்று சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல வாயெடுக்க முன்னம் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

"பிள்ளை நாடகத்திலை நடிக்கிறாள். எல்லாச் சாமிக்கும் மூத்த சாமி அவள்தான். கட்டாயம் வரவேணும்."

எங்கள் ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. பிள்ளை மேடையில் ஏறுகிறது என்றால் அது அரங்கேற்றம்தான். வகுப்புப் பிள்ளைகள் முக்கால் மணித்தியாலம் போடுகிற நாடகம், அதுவும் ஓர் அரங்கேற்றம்தான். அஜக்ஸிலிருந்த பெரியப்பா குடும்பத்துக்கு முதல் அழைப்பு. அடுத்தது றிச்மண்ட் ஹில் மாமிக்கு. பிறகு விட்பிக்குப் புதுவீடு வாங்கிப் போயிருந்த சித்திக்கு. அதற்குப் பிறகு யார் யாரோ. எல்லாரும் ஒரு காலத்தில் எங்கள் அப்பார்ட்மெண்ட் ஹோலில் பாய் விரித்துப் படுத்தவர்கள்தான். கனடாவுக்கு வந்து இறங்கினால் முதலில் எங்கள் வீடு. வேலை கிடைத்து, காலூன்றி, பிறகு ஒவ்வொரு திசைக்குப் போவார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் எங்கள் சாப்பாட்டு மேசையில் யாராவது ஒரு புது மாமாவோ அங்கிளோ இருந்துகொண்டிருப்பார். அம்மா அந்த மேசையில் இருந்து சாப்பிட்டு நான் கண்டதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடி சாப்பிடுவார். அம்மாவுக்கு நின்று சாப்பிடத்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அழைப்புச் சொல்லி முடிந்ததும் வீட்டில் சட்டம் மாறியது. சாமி வேஷம் போடுகிற பிள்ளை மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தின்னக்கூடாதாம். நாடகம் முடியும் வரை மரக்கறிதான் என்று அம்மா அறிவித்தார். கிரேக்கச் சாமிகளுக்கு ஆட்டையும் மாட்டையும் சுட்டுத்தான் படைப்பார்கள் என்று ஆசிரியை சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். அது அவையளின் பழக்கம், இது எங்கட பழக்கம் என்று விட்டார். இதில் அகப்பட்டுக்கொண்டவர் அப்பா. அவருக்கு டான்போர்த் வீதியில் ஒரு கிரேக்க உணவுக்கடையில் வேலை; நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால் நின்று இறைச்சி வாட்டுகிறவர். வேலையால் வந்ததும் குளித்துவிட்டுத்தான் என்னருகில் வரலாம் என்று உத்தரவு. அப்பா துவாயை எடுத்துக்கொண்டு போவார்.

அப்பாவின் முதலாளி ஒரு கிரேக்கர். உலகத்தில் நல்லதாக என்ன இருந்தாலும் அதைத் தங்கள் ஆட்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்பது அவர் கட்சி. பெரியப்பாவோ அவருக்கு நேர் மறுபக்கம். என் வேஷத்தைக் கேள்விப்பட்டதும் பெரியப்பா தொலைபேசியில் பெரிய விளக்கமே கொடுத்தார்.

"உவங்களுக்கு ஏது சாமி? எங்கட இந்திரனைக் கொண்டுபோய்ப் பேரை மாத்தி மலையிலை இருத்தினவங்கள். மின்னலும் அதே மின்னல்தான், பாரன்."

மறுநாள் அப்பா வேலையிடத்தில் என் வேஷத்தைச் சொல்லியிருக்கிறார். முதலாளி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் பங்குக்கு ஒரு விளக்கம் கொடுத்தாராம். இந்தியாவுக்குச் சாமிகளை அனுப்பி வைத்ததே தாங்கள்தானாம். அப்பா இரண்டு பக்கமும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து, இவர்கள் இரண்டு பேரையும் ஓர் அறைக்குள் விட்டுப் பூட்டினால் கதவைத் திறக்கும்போது அண்ணன் தம்பியாக வருவார்கள் என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் முதலாளி சொன்ன இன்னொரு விஷயத்தை மட்டும் அப்பா சிரிக்காமல் சொன்னார். கடை வாசலில் தொங்குகிற பெயர்ப்பலகையில், சாப்பாட்டுக்கடை என்பதற்கு அவர்கள் மொழியில் எழுதியிருக்கிற சொல்லுக்குள்ளேயே ஹெஸ்டியா இருக்கிறாளாம். இத்தனை வருஷம் அவளின் பெயருக்குக் கீழேதான் நுழைந்து வேலைக்குப் போயிருக்கிறேன் என்றார். அன்றிலிருந்து கடைக்குள் போகும்போது தலையை ஒருதரம் குனிந்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். அப்பா பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகவே குனிந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது றிச்மண்ட் ஹில் மாமி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். என் வேஷத்துக்கு நகைகள் கொண்டுவந்தவர், கதவடியில் நின்றபடியே கேட்டார்.

"மச்சாள், குறை நினையாதேங்கோ. மூத்த தெய்வம் எண்டு சொல்லுறியள். அப்ப அது மூதேவி எல்லோ?"

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. மூதேவி என்பவள் சீதேவிக்கு மூத்தவள், கால் வைத்த வீடு விளங்காது என்பார்கள். நான் குறுக்கே விழுந்து, இல்லை மாமி, அவள் அடுப்பில் இருக்கிற தெய்வம், அவள் இல்லாவிட்டால் வீடே இல்லை, கிரேக்கர்கள் புது ஊருக்குக் குடிபோகும்போது தாய் ஊர் அடுப்பிலிருந்து நெருப்பை எடுத்துக்கொண்டு போய்த்தான் புது அடுப்பை மூட்டுவார்களாம் என்று மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். அம்மாவுக்கு உயிர் வந்தது. அடுப்பில் இருக்கிறவள் எப்படி மூதேவியாவாள், அவள் சீதேவிதான் என்று தீர்ப்புச் சொன்னார். அப்பா மட்டும், நாங்கள் வந்த பிளேனிலே தீப்பெட்டி கொண்டுவரவே விடவில்லையே என்று முணுமுணுத்தார்.

உடுப்புக்கும் இதே பாடுதான். கிரேக்கத் தெய்வம் வெள்ளை உடுக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். நல்ல நாளும் அதுவுமாக வெள்ளையா என்று அம்மா கொதித்தார். கடைசியில் அப்பாவின் கலியாணப் பட்டுவேட்டி வெளியே வந்தது. சந்தன நிறம், சரிகைக் கரை. அதை என் உடம்பில் சுற்றி, தோளில் இரண்டு ஊசி குத்தி, மேலே மாமியின் மகளுடைய பரத நாட்டிய நகை முழுவதையும் ஏற்றினார்கள். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், வங்கி, கடைசியில் சலங்கையும். கிரேக்கத் தெய்வம் சலங்கை கட்டாது என்று அழாக்குறையாகச் சொன்னேன்.

"கட்டினால் ஆர் வேண்டாமெண்டது?" என்றார் அம்மா.

கண்ணாடியில் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அத்தீனாவாவது கித்தீனாவாவது, என் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் வடிவு கூடக்கூடப் பயமும் கூடியது. இத்தனை ஆட்கள் அவ்வளவு தூரத்திலிருந்து பனிக்குள் கார் ஓட்டி வருகிறார்கள். வீடியோக்காரர் வருகிறார். பெரியப்பா பொன்னாடை வாங்கி வைத்திருக்கிறார். இத்தனைக்கும் நடுவில் நான் கதிரையை இழந்து தரையில் போய் உட்காரப் போகிறேன். எல்லாச் சாமிக்கும் மூத்த சாமி என்று அம்மா சொன்னதெல்லாம் என்னாவது? அதைச் சொல்லிவிடலாம் என்று அம்மாவிடம் போகும்போதெல்லாம் அவர் யாருக்காவது தொலைபேசியில் வழி சொல்லிக்கொண்டிருந்தார், அல்லது மாவோடு நின்றார். நாடகம் முடிந்தபின் சாப்பாடு இருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது கொண்டுவர வேண்டும். அம்மா மரக்கறி ரோல்ஸ் செய்தார். வகுப்புக்குப் போதுமான அளவு அல்ல, பள்ளிக்கூடத்துக்கே போதுமான அளவு.

அந்த நாளும் வந்தது. திரைச்சீலை இடுக்கால் எட்டிப் பார்த்தேன். முன்வரிசை முழுவதும் எங்கள் ஆட்கள். சீலைகளும் கோட்டுகளும் பூட்ஸுகளுமாக, கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி. மற்றப் பெற்றோர் வேலை உடுப்போடு பின்னால் ஒதுங்கி இருந்து, இவர்கள் யாராவது தூதரகத்து ஆட்களோ என்கிற மாதிரிப் பார்த்தார்கள். வீடியோக்காரர் ஓரமாகத் தன் மூன்றுகால் கம்பத்தை நிறுத்திக்கொண்டிருந்தார். நடுவில் அம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி இருந்தார். கூறைச்சீலை உடுத்தியிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திரை விலகியதும் மேடை விளக்குகள் நேரே முகத்தில் அடித்தன. கண் கூசியது. கீழே இருட்டுக்குள் தலைகள் மட்டும் கறுப்பு உருண்டைகளாகத் தெரிந்தன. பன்னிரண்டு கதிரைகளிலும் நாங்கள் இருந்தோம். சியூஸ் வகுப்பிலேயே குள்ளமானவன். பஞ்சுத் தாடி கழன்று விழாதிருக்க ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மறு கையால் மின்னலை ஆட்டினான். நான் நாலு வசனம் கூடப் பேசவில்லை. ஆனால் நான் தலையை ஆட்டும்போதெல்லாம் நகை மின்னியது, கால் அசைத்தால் சலங்கை சத்தம் போட்டது. அத்தீனா இரண்டு தரம் திரும்பி முறைத்தாள்.

டயனைசஸ் வந்தான். ஊதா பலூன்களைத் திராட்சைக் குலையாகக் கட்டித் தோளில் போட்டிருந்தான். படியேறும்போது ஒன்று படீரென்று வெடித்தது, கடல் தெய்வம் போசைடன் கையிலிருந்த சூலத்தைக் கீழே போட்டுவிட்டான். சபை சிரித்து ஓய்ந்ததும் கதிரைச் சண்டை தொடங்கியது. என் முறை வந்தது. எழுந்தேன்.

எழுந்தபோது ஜல் என்றது. ஓரடி வைத்தேன், ஜல். மண்டபம் முழுவதும் மூச்சடங்கிப் போனது. கிரேக்க நாடகத்தில் சலங்கை ஒலி கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் பாவம், ஏதோ பெரிதாக நடக்கப் போகிறது என்று நினைத்திருப்பார்கள். அந்த அமைதிக்குள் முன்வரிசையிலிருந்து பெரியப்பாவின் குரல் கிளம்பியது.

"எடேய், ஏன் பிள்ளையை எழுப்பிறாங்கள்? அதெல்லோ மூத்தது!"

யாரோ அவரை உஸ் என்று அடக்கினார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அதோடு ஒரு வீம்பும் வந்தது. யாரும் பிடுங்கித் தள்ளி நான் போகவில்லை, நானாகத்தான் எழும்பிப் போகிறேன், தெரியுதோ என்று அத்தனை பேருக்கும் காட்டவேண்டும் போலிருந்தது. ஆசிரியை அந்த வசனத்தை மெதுவாக, பணிவாகச் சொல்லச் சொல்லித் தந்திருந்தார். நான் மார்பை நிமிர்த்தி, கையை நீட்டி, பின்சுவரில் முட்டித் திரும்பும்படி சொன்னேன். இந்தக் கதிரை எனக்கு வேண்டாம், நீயே இரு. நெருப்பு எரிகிற இடமெல்லாம் என்னுடைய இடம்தான், என்னை அங்கிருந்து எழுப்ப எவராலும் முடியாது. இங்கிலீஷில்தான் சொன்னேன். கடைசித் துண்டு ஆசிரியை எழுதியதல்ல, அந்த நேரத்தில் என் வாயில் வந்தது. சொல்லிவிட்டு ஜல் ஜல் என்று நடந்து இறங்கிப்போய், செம்மஞ்சள் தாளில் செய்த அடுப்பருகில் சம்மணம் கட்டி உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால், முன்வரிசையில் கறுப்பு உருவங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒன்று, இரண்டு, பிறகு வரிசை முழுவதும். கதிரைகள் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. என் ஆட்கள் அத்தனை பேரும் எனக்காக எழுந்து நிற்கிறார்கள்! நெஞ்சு விம்மிப் போனது. தெய்வம் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்யும் என்று நாடகத்தில் சொல்லித் தரவில்லை. நானும் எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட்டேன். அதைப் பார்த்துப் பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு மண்டபமே தட்டியது. வெள்ளைக்காரப் பெற்றோர் சிலரும், முன்வரிசை நிற்கிறதே, நாமும் நிற்கவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து எழுந்து நின்றார்கள். சியூஸ் தன் தாடியை விட்டுவிட்டுக் கை தட்டினான். தாடி மடியில் விழுந்தது. மிச்ச நாடகத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. காகித நெருப்புக்குப் பக்கத்தில் நான் வானத்தில் இருந்தேன்.

முடிந்ததும் ஆசிரியை மேடைக்கு வந்து, சாப்பாட்டுக்கு முன்னர் ஒரு கிரேக்க வழக்கத்தைச் செய்யவேண்டும் என்றார். அவர்களின் விருந்தில் முதல் பங்கு சியூஸுக்கு அல்லவாம். முதல் பங்கும் கடைசிப் பங்கும் ஹெஸ்டியாவுக்குத்தானாம். அப்பா அதைத் தமிழில் சொல்ல, அம்மா, அப்ப எங்கட மாதிரித்தான், படைச்சுப்போட்டுத்தான் சாப்பிடுவினம் என்று தலையாட்டிவிட்டு, தட்டிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்து என் வாயில் வைத்தார். சுடச்சுட இருந்தது. தெய்வங்கள் பதினொன்றும் புதுத் தெய்வமும் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் ஆறுதலாக மென்று சாப்பிட்டேன். கடைசிப் பங்கை யார் சாப்பிட்டார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

பெரியப்பா பொன்னாடையை ஆசிரியைக்குப் போர்த்தி, இந்திரனைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். ஆசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கண் கலங்கிவிட்டார். குளிர்காலம் முடியும் மட்டும் வகுப்பில் அதைப் போர்த்திக்கொண்டுதான் பாடம் எடுத்தார். காரில் வரும்போது நான் அம்மாவிடம், எல்லாரும் எழும்பி நின்றதைப் பார்த்தீங்களா என்று கேட்டேன்.

"ஓம், வடிவாப் பாத்தனான்" என்றார் அம்மா.

வீடியோக்காரர் டிவிடி கொண்டுவந்து தந்தார். அதில் என் தலைக்குப் பின்னால் மின்னல் அடித்தது. இதய வடிவங்கள் மிதந்தன. நான் எழும்பும்போது நாதஸ்வரம் ஒலித்தது. ஆனால் ஆட்கள் எழுந்து நின்ற இடம் மட்டும் இல்லை. ஆட்கள் குறுக்கே எழும்பியதால் வெட்டிவிட்டேன் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதன்பிறகு எந்தப் பரீட்சைக்குப் போனாலும், எந்த நேர்முகத்துக்குப் போனாலும், கதவைத் திறக்க முன்னம் அந்த ஒரு வரிசை எழுந்து நின்றதை ஒருதரம் நினைத்துக்கொள்வேன். கை கொடுக்காமல் போனதில்லை.

போன வருஷம் அப்பாவும் அம்மாவும் அப்பார்ட்மெண்டை விட்டு அஜக்ஸில் என் வீட்டுக்கு வந்தார்கள். சாமான்களோடு சாமானாக ஒரு பை வந்தது. வெட்டாத ஒளிநாடாக்கள். வீடியோக்காரர் அந்தக் காலத்திலேயே கொடுத்துவிட்டிருந்தார், யாரும் போட்டுப் பார்க்கவில்லை. நான் ஒரு கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றுவித்தேன். என்னுடைய வெற்றியைக் கடைசியில் கண்ணால் பார்க்கப் போகிறேன் என்று, வீட்டில் எல்லாரும் வெளியே போயிருந்த ஒரு பகலில் தேநீரோடு உட்கார்ந்தேன். அந்த ஹெஸ்டியா கதிரைக் கதையைப் பழைய கிரேக்கர் யாரும் எழுதி வைக்கவில்லை, அது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது என்று இதற்கிடையில் எங்கோ வாசித்திருந்தேன். சேர்த்தவர் யாராக இருந்தாலும் நல்ல வேலைதான் செய்திருக்கிறார்.

வீடியோக்காரர் ஓரத்தில் நின்று எடுத்ததால் படத்தில் மேடையும் தெரிந்தது, சபையும் தெரிந்தது. நாடகம் தொடங்குகிறது. விட்பிச் சித்தி பிந்தி வருகிறார், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. கதிரை இல்லை. அம்மா எழும்பித் தன் கதிரையில் அந்த மாமியாரை இருத்திவிட்டு, ரோல்ஸைச் சூடாக்க வேண்டும் என்று கையால் காட்டிவிட்டு வெளியே போகிறார். போனவர் வரவில்லை. பலூன் வெடிக்கிறது, பெரியப்பா கத்துகிறார், நான் வசனம் சொல்கிறேன், அம்மா வரவில்லை. ஊரையெல்லாம் அழைத்த மனுஷி, என் காட்சி நடக்கும்போது பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நின்றிருக்கிறார்.

நான் அடுப்பருகில் உட்காருகிறேன். பின்கதவு திறக்கிறது. கூறைச்சீலையோடு, இரண்டு கையிலும் பெரிய தட்டை ஏந்திக்கொண்டு அம்மா வந்து நிற்கிறார். இருக்க இடமில்லை. முதலில் பெரியப்பா திரும்பிப் பார்க்கிறார். எழும்புகிறார். பிறகு மாமி. பிறகு சித்தி, அந்த மாமியார், எங்கள் ஹோலில் பாய் விரித்துப் படுத்தெழும்பிய அத்தனை பேரும். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கின்றன.

"இஞ்ச வாங்கோ அக்கா."

"மச்சாள், இதிலை இருங்கோ."

"பிள்ளை, நீ இரு, நான் நிக்கிறன்" என்று அம்மாவிடம் அந்த மாமியார்.

அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார். இருக்கவில்லை. அவர்களும் இருக்கவில்லை. அத்தனை பேரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அம்மா ஒருவரையும் பார்க்கவில்லை. வாய் நிறையச் சிரிப்போடு மேடையைப் பார்க்கிறார். எனக்குத் தேநீர் ஆறிப்போனது. பெருமை மட்டும் இறங்கவில்லை, முன்னதைவிடக் கூடித்தான் போயிற்று. வடிவாப் பாத்தனான் என்று அம்மா சொன்னது பொய்யில்லை. அங்கே மேடையில், அப்பாவின் கலியாண வேட்டியில், இரவல் நகை மின்ன, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, இடுப்பு வளைய, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற அத்தனை பேருக்கும் நான் கும்பிடு போடுகிறேன்.